குரக்கன் பொதியும் பிள்ளைக் காம்பராவும்

டொரொன்டோவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். ஸ்காபரோவிலுள்ள தமிழ்க் கடையொன்றில் எடுத்த படம் அது. குரக்கன் மா, குரக்கன் நூடில்ஸ், முளைகட்டிய சத்துமா என்று வண்ணவண்ணப் பொதிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. "ஒரு காலத்தில் ஏழைச் சாப்பாடு என்று நாம் ஒளித்து வைத்துச் சாப்பிட்டது இன்று கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட்டது. ஊவா மாகாணத்தின் சேனைப் பயிருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதா? நீங்கள் எழுத வேண்டும்" என்று கேட்டிருந்தார். அவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஆகவே அவருடைய கேள்வியில் பெருமிதமும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடக் கூடிய விடயமன்று என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் கேழ்வரகு என்றும் ராகி என்றும் வழங்கும் தானியத்தையே இலங்கைத் தமிழர் குரக்கன் என்கிறோம். இது சிங்களத்தோடு நாம் பகிர்ந்துகொள்ளும் சொல். இத்தானியத்துக்கு உலகத் தாவரவியலாளர் இட்டிருக்கும் 'எலூசின் கோரகானா' என்ற பெயரின் பின்பாதி இந்தக் குரக்கன் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. ஆபிரிக்காவின் கிழக்கு மேட்டுநிலங்களில் தோன்றி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து தெற்காசியாவுக்கு வந்த ஒரு பயிர், தனது அறிவியற் பெயரை நமது தீவின் பேச்சுவழக்கிலிருந்து பெற்றிருக்கிறது. கண்டி அரசனிடம் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிச்சென்ற ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681-ல் வெளியான தமது நூலில் குரக்கனைப் பற்றி எழுதியிருக்கிறார். கடுகு போன்ற சிறு விதை என்றும், அரைத்து அடையாகச் சுட்டு உண்பார்கள் என்றும், பழக்கமில்லாதவர் உண்டால் வயிற்றைப் பிசையும் என்றும் அவர் குறித்திருக்கிறார். குரக்கனோடு தினையையும் வரகையும் சேர்த்தே அவர் பேசுகிறார்.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்ற இரு மாவட்டங்களைக் கொண்டது. மேலே பண்டாரவளை, அப்புத்தளை, நமுனுகுல, மடுல்சீமை என்று தேயிலை போர்த்திய மலைகள். கீழே பிபிலை, புத்தளை, வெல்லவாய என்று வறண்ட வெளிகள். கீழ்நாட்டுக்கு வெல்லஸ்ஸ என்று பெயர். இலட்சம் வயல்கள் என்பது அதன் பொருள். அந்த வயல்களும் அவற்றுக்கு நீர் தந்த குளங்களும் 1817, 1818 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படைகளால் அழிக்கப்பட்டன. நெல் வயல் போன பிறகு அந்த மக்களைத் தாங்கிப் பிடித்தது சேனைதான். காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, பருவமழைக்கு முன் குரக்கனையும் இறுங்கையும் சோளத்தையும் பயறையும் கலந்து விதைத்து, தை மாசிகளில் கதிர் கொய்து, அடுத்த ஆண்டுகளில் வேறு துண்டுக்குப் போய்விடுவார்கள். 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அந்தக் காடுகளுக்கு அரசை உரிமையாளராக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவன் சொந்த மண்ணில் அத்துமீறியவனானான். அதே சட்டத்தின் துணையோடு மலைகளில் கோப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன.

அந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்கள்தாம் நமது முன்னோர். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று வானம் பார்த்த பூமிகளிலிருந்து வந்தவர்கள். அந்நாட்டுக் குடியானவனின் அன்றாட உணவு அரிசிச் சோறன்று. கம்பும் கேழ்வரகும் சோளமும் வரகும் சாமையுந்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்குமான பண்டம். துறையூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்த என் பாட்டி, பெட்டி படுக்கையோடு ஒரு திரிகைக் கல்லையும் சுமந்து வந்ததாக என் தாயார் சொல்லுவார். மன்னார்ப் பாதையிலும் இரயிலிலும் மலையேற்றத்திலும் அந்தக் கல்லைக் கைவிடாமல் வந்தவருக்கு, வந்து சேர்ந்த இடத்தில் அரைப்பதற்குத் தானியம் இல்லை. தோட்டத்தில் கொடுத்தது பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. அது சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் எழுதப்பட்டது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டமும் அரிசி வழங்குவதைக் கூலியோடு பிணைத்தே பேசியது. சொந்தமாகப் பயிரிட நிலமில்லாத கூலியாள், நிர்வாகம் அளப்பதையே உண்டான். தலைமுறை ஒன்று கழிவதற்குள் கேழ்வரகுக் களி கிண்டும் கைப்பக்குவம் லயத்தைவிட்டுப் போய்விட்டது. பாட்டியின் திரிகை என் சிறுவயதில் பீலிக்கரையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது.

1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு அட்டை வந்தது. கோதுமை மாவும் வந்தது. யுத்தம் முடிந்தும் கோதுமை மா போகவில்லை. பின்னாளில் அமெரிக்க உணவு உதவியாகவும் அது வந்தது. 1977-ல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு அரசு உடன்பாடு செய்து, 1980-ல் திருகோணமலையில் பிரமாண்டமான மாவாலை இயங்கத் தொடங்கிய பின்னர், இந்நாட்டில் ஒரு மணியும் விளையாத கோதுமை மலையகத்தின் பிரதான உணவாகிவிட்டது. காலையில் ரொட்டி, பகலுக்குக் கொழுந்து மலையில் கட்டிக் கொண்டுபோன ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல், குடிக்கச் சாயத்தண்ணீர். விடியுமுன் மலையேறும் ஒரு பெண்ணுக்கு விரைவில் சுடத்தக்கதும் வயிற்றில் நிற்பதும் கைப்பையில் கெடாமலிருப்பதும் ரொட்டியே. அவளைக் குறை கூறி எவரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த உணவு பிள்ளைகளின் உடம்பில் எழுதியிருக்கும் கணக்கை மறைக்கவும் கூடாது. 2016-ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் அது நூற்றுக்கு 32.

குரக்கனைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது. நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான் தேறும். குரக்கனின் தோல் மணியோடு ஒட்டியிருப்பதால் அரிசியைப்போல் தீட்டி அதன் சத்தைக் கழித்துவிட முடியாது. முழுமையாகவே அரைத்தாக வேண்டும். அதே தோலில் உள்ள சில பொருட்கள் இரும்பும் கல்சியமும் உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதும் உண்மை. நமது பாட்டிமார் ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்தது அதற்கான பரிகாரமே. முளைகட்டும்போது அந்தத் தடைப்பொருட்கள் குறைகின்றன. கஞ்சியும் நீர்த்திருக்கும். குழந்தை குடிக்கக் கூடிய அளவுக்குள்ளேயே கூடுதல் மாவைக் கரைத்துக் கொடுக்கலாம். இன்று 'முளைகட்டிய' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விலை கூட்டி விற்கப்படுவது, ஒரு காலத்தில் ஈரத் துணியும் ஓலைப் பெட்டியும் செய்த வேலைதான்.

சரி, தானியம் எப்படிப் பண்டமாகிறது?

இலங்கையில் இதற்கு முதலில் வழிகாட்டியது அரசே. 1973-ல் அமெரிக்க உதவியோடு திரிபோஷா திட்டம் தொடங்கியது. மூவகைப் போஷணை என்பது அப்பெயரின் பொருள். முதலில் வெளிநாட்டுக் கலவையாக வந்தது, காலப்போக்கில் உள்ளூர்ச் சோளத்தையும் சோயா அவரையையும் கொண்டு ஜா-எலவில் உற்பத்தியாகலாயிற்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் மாதம் 750 கிராம் பொதிகள் இரண்டு இலவசம். நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் முப்பது நாட்களுக்கு என்பது கணக்கு. கிளினிக்கிலிருந்து அந்தப் பொதி லயத்துக்கு வந்ததும் கணக்கு மாறிவிடும். வீட்டில் நான்கு பிள்ளைகள் இருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நான் போன வீடுகளிலெல்லாம் திரிபோஷா பத்து நாட்களுக்குள் முடிந்துவிடுவதையே கண்டேன்.

அதன் பின்னர் தனியார் நிறுவனங்கள் வந்தன. சோளம், அரிசி, சோயா, பயறு கலந்த சமபோஷ இன்று நாட்டின் எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. மாத்தறையில் 1943-ல் தோன்றிய ஹரிச்சந்திர நிறுவனம் போன்றவை குரக்கன் மாவைப் பொதியாக்கி விற்றன. பிறகு குரக்கன் பிஸ்கட், குரக்கன் நூடில்ஸ், குரக்கன் பாண். நீரிழிவு நோய் வீட்டுக்கு வீடு புகுந்த பின்னர், கொழும்பில் குரக்கனுக்கு மரியாதை வந்தது. அதற்கு முன்பே அரசியலில் அதற்கு மரியாதை கிடைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ராஜபக்ஷ குடும்பத்தார் தோளில் போடும் கபில நிறச் சால்வை, அம்பாந்தோட்டையின் குரக்கன் செய்கையாளரைக் குறிக்க டி. எம். ராஜபக்ஷ அணியத் தொடங்கியது. குரக்கனின் நிறம் பாராளுமன்றம் சென்றது. குரக்கன் விளைத்தவன் சேனையிலேயே நின்றான்.

பண்டமாகும் வழியில் தானியத்துக்கு நேர்வனவற்றையும் பார்க்க வேண்டும். குரக்கன் மாவில் கோதுமையிலுள்ள பசைத்தன்மை இல்லை. அதனால் அது உப்பாது, இழுபடாது. நூடில்ஸாகப் பிழியவும் பிஸ்கட்டாக அச்சிடவும் வேண்டுமானால் கோதுமை மாவைச் சேர்த்தாக வேண்டும். சீனியும் கொழுப்பும் வேறு. பொதியின் முன்புறத்தில் குரக்கன் கதிர் தங்க நிறத்தில் வளைந்து நிற்கும். பின்புறத்தில் சேர்மானப் பட்டியலைப் படித்தால் முதலிடத்தில் கோதுமை மா இருக்கும். குரக்கன் எங்கோ கீழே ஒதுங்கியிருக்கும். பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுவே பொதியில் அதிகமுள்ளது என்பது பொதுவான விதி. வாசகர்கள் கடையில் நின்றவாறே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்று மொழியிலும் அச்சிட்ட ஒரு பொதியில் தமிழில் 'குறக்கான்' என்று கண்டேன். நாற்பதாண்டுகள் அச்சுப்பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்துத் திருத்தியபின்தான் விலை கொடுத்தேன்.

மொனராகலைப் பக்கம் செய்தி சேகரிக்கப் போன காலங்களில் சேனைக்காரர் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்னதன் சாரம் ஒன்றுதான். குரக்கன் பல ஆண்டுகள் பூச்சி அரிக்காமல் இருக்கும். அதனால்தான் முன்னோர் அதைப் பஞ்சத்துக்கான சேமிப்பாகக் குதிரில் இட்டு வைத்தார்கள். குரக்கனால் காத்திருக்க முடியும். கடன்பட்ட விவசாயியால் முடியாது. விதைக்கும் உரத்துக்கும் பிள்ளையின் வைத்தியத்துக்கும் முன்பணம் கொடுத்த முதலாளியின் லொறி அறுவடைக்கு வந்து நிற்கும். எல்லோருடைய களத்திலும் ஒரே வாரத்தில் தானியம் குவிந்திருக்கும்போது விலை எங்கே நிற்கும்? அதே மணி சுத்தமாக்கப்பட்டு, முளைகட்டப்பட்டு, அரைபட்டு, பொதியில் ஏறும் ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது. அந்தப் படிகளுள் ஒன்றுகூட விளைந்த ஊரில் இல்லை.

பல குடும்பங்கள் குரக்கனையே விட்டுவிட்டன. எண்பதுகளில் பெல்வத்தை, செவனகலைச் சீனித் தொழிற்சாலைகளுக்காகப் பெருநிலங்கள் கரும்புக்குப் போயின. பின்னர் கோழித் தீவனத்துக்காகக் கலப்பினச் சோளம் வந்தது. கம்பனியே விதை கொடுத்து, கம்பனியே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. மகியங்கனையிலிருந்து மொனராகலை வரை மலையடிவாரமெல்லாம் சோளமாயிற்று. 2018-ன் இறுதியில் சேனா படைப்புழு வந்து அந்தச் சோளத்தைத் தின்று தீர்த்தபோதுதான், ஒரே பயிரை நம்பிய பிழைப்பு எவ்வளவு நொய்மையானது என்று தெரிந்தது. 2022-ன் நெருக்கடியில் சோளத் தட்டுப்பாடு திரிபோஷா உற்பத்தியையே பாதித்தது. அதில் பூஞ்சணத்தின் நச்சு கலந்திருப்பதாகச் சர்ச்சையும் எழுந்தது. ஈரம் உலராமல் சேமித்த சோளத்தில் அந்த நச்சு உண்டாவது எந்த நாட்டிலும் நடப்பது. நாடு முழுவதற்குமான ஊட்ட உணவை இரண்டு தானியங்களின் மேலும் ஒரே தொழிற்சாலையின் மேலும் நிறுத்தியிருந்தோம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

மலையின் மேல் நடந்த முயற்சி ஒன்றையும் கூறுகிறேன். பசறைக்கும் லுணுகலைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் பதினான்கு பெண்கள் சேர்ந்து சத்துமா தயாரித்தார்கள். தொண்டு நிறுவனம் ஒன்று மூன்று நாள் பயிற்சி அளித்து, பொதி ஒட்டும் இயந்திரம் ஒன்றும் தந்தது. குரக்கன், பயறு, கடலை, எள் ஆகியவற்றை வறுத்து அரைத்த மா. சுவை அருமை. தொடக்க விழாவுக்கு அரசியல்வாதிகள் வந்தார்கள், மாலைகள் விழுந்தன, பத்திரிகைகளில் படங்கள் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அவ்வழியே போன நான், அந்தக் குழு என்னவாயிற்று என்று அதன் தலைவியிடம் விசாரித்தேன்.

"மில்லு டவுன்ல இருக்கு ஐயா. மூட்டைய பஸ்ஸுல ஏத்தி எறக்கவே காசு போயிரும். வெல்லஸ்ஸையில இருந்து நேரா வாங்க நமக்கு யாரத் தெரியும்? டவுன் கடையில சில்லறை வெலைக்கு வாங்கித்தான் செஞ்சோம். பெரிய கடைக்காரங்க பார் கோட் இருக்கான்னு கேட்டாங்க. சாமான குடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு காசுக்கு வாங்கன்னாங்க. பத்தாந் தேதி சம்பளத்துக்கும் இருபத்தஞ்சாந் தேதி அட்வான்ஸுக்கும் இடையில வாழுற ஆளுங்க நாங்க. ரெண்டு மாசம் யாரு ஐயா பொறுக்கிறது?"

பொருளாதாரப் பட்டதாரிகள் அறிக்கையாக எழுதுவதை அந்த அம்மா மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பண்டத்தில் குறையில்லை. உழைப்பிலும் குறையில்லை. காணியில்லை, களஞ்சியமில்லை, ஆலையில்லை, கடன் தாங்கும் மடியில்லை. ஏழு பேர்ச்சஸ் காணி என்பதே இன்னும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வாக்குறுதியாக இருக்கையில், குரக்கன் விதைக்க எங்கே இடம்? ஆனால் அந்தக் குழுவில் ஒரு பெண் மட்டும் தொழிலை விடவில்லை. பொதியையும் பெயர்ச்சீட்டையும் மறந்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தில் காலை ஐந்தரை மணிக்குக் குரக்கன் கூழ் விற்கிறார். பாடசாலைப் பிள்ளைகளும் டவுனுக்கு வேலைக்குப் போகும் இளைஞரும் வாங்கிக் குடிக்கிறார்கள். ஏழு மணிக்குப் பானை காலியாகிவிடும். கையில் அன்றைய காசு. எனக்குத் தெரிந்தவரை அந்தப் பதினான்கு பேரின் பயிற்சியில் எஞ்சிய ஒரே இலாபகரமான தொழில் இதுதான்.

ஊவா மண்ணுக்கு இது புதிய கதையன்று. 1890-ல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையில் தோட்டங்களை வாங்கினார். தேயிலையைப் பெட்டி பெட்டியாக விற்பதைவிட, சிறுசிறு பொதிகளில் தன் பெயரை அச்சிட்டு விற்பதே வியாபாரம் என்று கண்டுகொண்டவர் அவர். தம்பதென்னையில் பறித்த கொழுந்து அவர் பெயரை உலகெங்கும் கொண்டுபோயிற்று. பறித்த கைகளின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. பெயரும் பொதியும் யாரிடமோ இலாபமும் அவரிடமே என்ற பாடத்தைத் தேயிலை நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படிப்பித்திருக்கிறது. குரக்கனிலும் அதையே மறுபடி படிக்க வேண்டுமா?

பிற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நம்பிக்கை தரும் உதாரணங்கள் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மரவள்ளி பரவிச் சாமையும் கேழ்வரகும் அருகியபோது, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொண்ணூறுகள் முதல் அங்கே வேலை செய்தார்கள். சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை பெண்களின் முதுகை ஒடிப்பதே அவர்கள் அதைக் கைவிட ஒரு காரணம் என்று கண்டு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மலைக் கிராமங்களுக்கே கொண்டு சென்றார்கள். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் மாவும் கலவைகளும் செய்தன. 2009-ல் அவர்களுக்கென ஒரு கூட்டமைப்பும் உருவாயிற்று. இயந்திரம் ஊருக்குள் வந்தது என்பதே அங்கு முக்கியமான செய்தி. ஒடிசா அரசு 2017-ல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, பழங்குடி விவசாயிகளிடம் கேழ்வரகைத் தானே கொள்முதல் செய்தது. சில மாவட்டங்களின் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு அதை லட்டாகப் பிடித்துக் கொடுத்தது. இந்திய அரசு 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதாரண நெல்லுக்கு 2,369. இந்தியா முன்மொழிந்து ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நமது நாட்டிலும் கருத்தரங்குகள் நடந்தன. கருத்தரங்குக்கும் கொள்முதலுக்கும் உள்ள தூரத்தை இந்த எண்கள் காட்டுகின்றன.

இன்னொரு செய்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2023 மே மாதம் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நீலகிரியில் யார் இருக்கிறார்கள்? 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இங்கிருந்து கப்பலேறிய நமது சொந்தங்கள் இருக்கிறார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட அவர்களுள் பதுளை மாவட்டத்தாரும் உண்டு. ஒரே லயத்தில் பிறந்த இரு சகோதரருள், அங்கே போனவரின் பேரப்பிள்ளைக்குக் கேழ்வரகு நியாயவிலைக் கடையில் கிடைக்கிறது. இங்கே நின்றவரின் பேரப்பிள்ளைக்கு அது பதுளை நகரத்துச் சுப்பர் மார்க்கட்டின் குளிரூட்டிய அலமாரியில் இருக்கிறது. நாட்சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் சிறு பொதியாக வாங்கலாம்.

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். குரக்கன் பண்டமாவதை நான் எதிர்க்கவில்லை. பண்டமானதால்தான் அது அழியாமல் பிழைத்திருக்கிறது என்றும் சொல்லலாம். விவசாயத் திணைக்களம் ரவி, ராவண, ஒஷத என்று புதிய குரக்கன் இனங்களை வெளியிட்டிருப்பதும் வரவேற்கத் தக்கதே. ஆனால் வாங்குபவர் யார் என்பதே என் கேள்வி. பசறை வீதியில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், மூலப்பொருளுக்குப் பெறுமதி சேர்ப்பதையே தன் தனித்துவமாகக் கொண்டது. அதன் பெயரிலேயே மலையும் கீழ்நாடும் சேர்ந்திருக்கின்றன. அதன் வாசலிலிருந்து சில மைல் தொலைவுக்குள் தோட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று அதற்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். லயத்தில் பிறந்த எவரும் முதலில் பசியறிந்ததும் பசி தீர்ந்ததும் அங்கேதான்.

கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் பங்குகொள்ளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் மாகாண சபையும் சேர்ந்து ஒரு காரியம் செய்யலாம். வெல்லஸ்ஸ விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களோடு விதைப்புக்கு முன்பே விலை பேசி, அறுவடையில் கொள்முதல் செய்யலாம். பதுளை, பசறை, பண்டாரவளை என்று மூன்று நான்கு இடங்களில் சிறு ஆலைகள் போதும். முளைகட்டி உலர்த்தி அரைக்கும் வேலையை அந்தப் பதினான்கு பேரைப் போன்ற பெண்களிடமே ஒப்படைக்கலாம். மா வாராவாரம் பிள்ளைக் காம்பராவுக்குப் போகட்டும். காலையில் ஒரு கோப்பைக் கஞ்சியாக, அங்கேயே காய்ச்சி அங்கேயே குடிக்கக் கொடுக்கட்டும். கண்ணைக் கவரும் பொதி வேண்டாம், பார் கோட் வேண்டாம், சீனியும் கோதுமையும் கலக்க வேண்டாம். வாராவாரம் அரைத்து வாராவாரம் தீர்வதால் மா காறிப்போகும் என்ற பயமும் இல்லை. நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பத்து நாளில் தீர்ந்துபோகும் தொல்லையும் இல்லை.

செலவு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022-ல் கோதுமை மா கிலோ முந்நூறு ரூபாயைத் தாண்டியபோது, தோட்டத்து வீடுகளில் ரொட்டியின் எண்ணிக்கை குறைந்தது. அதன் செலவை யார் கொடுத்தது? வளரும் வயதிலிருந்த பிள்ளைகள் கொடுத்தார்கள். உலகச் சந்தையில் கோதுமைக்கும் டொலருக்கும் நடப்பதையெல்லாம் மடுல்சீமையின் ஒரு மூன்று வயதுப் பிள்ளை தன் உயரத்தால் ஈடுசெய்கிறது. அந்தச் செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை என்பதால் அது செலவில்லை என்றாகிவிடாது.

ஸ்காபரோவில் இருக்கும் நண்பருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு உதவ வேண்டும் என்று நினைக்கும் சங்கங்கள் பல அங்கே இருக்கின்றன. கோயிலுக்குக் கோபுரமும் பாடசாலைக்கு வளைவும் கட்டித் தருகிறீர்கள். மகிழ்ச்சி. அடுத்த முறை ஒரு தோட்டத்துக்கு அரைக்கும் இயந்திரம் ஒன்றும், ஒரு பருவத்துக்குத் தானியம் வாங்கி வைக்கச் சுழல்நிதி ஒன்றும் தாருங்கள். அறுவடையில் வாங்கி ஆண்டு முழுவதும் வைத்திருக்கக் குரக்கனைவிடத் தோதான தானியம் வேறில்லை. பெயர்ப்பலகை வைக்க வேண்டுமானால் ஆலையின் சுவரில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குரக்கன் என்ற சொல்லை மட்டும் சரியாக எழுதச் சொல்லுங்கள்.